டேப்லெட்டுக்குக் கூடுதல் வாரண்டி எடுப்பது தகுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்

காவிரிக்கரை (கும்பகோணம்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு கோயம்புத்தூரில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கிறாள். ஐந்தாண்டுப் படிப்பு. தாளில் வரைந்து பழகுவதோடு திரையில் பேனாவால் வரைவதும் முதல் பருவத்திலிருந்தே வேண்டியிருக்கும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டதால், அவளுக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தர முடிவு செய்திருக்கிறோம். ஊரிலேயே உள்ள ஷோரூம் ஒன்றில் பார்த்து வைத்திருக்கும் டேப்லெட்டின் விலை ரூ.34,900. பேனாவுக்குத் தனி விலை.

டேப்லெட்டைத் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குக் குழப்பம் இல்லை. பில் போடும் நேரத்தில் விற்பனையாளர் எடுத்துவைத்த திட்டங்களில்தான் குழம்பி நிற்கிறேன். தயாரிப்பாளர் தரும் ஓராண்டு வாரண்டி முடிந்த பிறகு மேலும் இரண்டு ஆண்டுகளுக்கான கூடுதல் வாரண்டி ரூ.4,199. கீழே விழுந்தாலோ தண்ணீர் பட்டாலோ பழுது பார்த்துத் தரும் விபத்துச் சேதத் திட்டம், முதல் ஓராண்டுக்கு மட்டும் ரூ.2,999. இரண்டையும் சேர்த்து எடுத்தால் ரூ.5,499. பில் போடும் அன்றே எடுக்க வேண்டும், பிறகு எடுக்க முடியாது என்றும், எடுத்துவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம், எல்லாமே அடக்கம் என்றும் சொன்னார். நிபந்தனைகளைக் கேட்டபோது ஒரு வழவழப்பான மடிப்புத் தாளைக் கொடுத்தார். அதில் திரை உடைந்த டேப்லெட்டின் படமும் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படமும் இருக்கின்றனவே தவிர, எது அடங்கும், எது அடங்காது என்ற விவரம் இல்லை.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். ரூ.5,499 என்பது மகளின் ஒரு மாத விடுதி உணவுக் கட்டணத்தை விடக் கூடுதலான தொகை. அதைக் கொடுக்காமல் விட்டு, ஆறு மாதத்தில் டேப்லெட் உடைந்து அவள் தொலைபேசியில் அழுதால் அதையும் என்னால் தாங்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதாக இருக்கிறோம்.

பணிமேசை (திருச்சி) பதில்:

ஐயா, வணக்கம். தயாரிப்பாளர்களின் அங்கீகாரம் பெற்ற சேவை மையங்களில் 11 ஆண்டுகள் பழுதுநீக்குநராக வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வந்த டேப்லெட்டுகளை வைத்துச் சொல்கிறேன்.

உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு திட்டங்களையும் முதலில் மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டி என்பது தயாரிப்பாளரின் வாரண்டி எதைக் காக்கிறதோ அதையே மேலும் சில காலம் காப்பது. அதாவது, நீங்கள் ஒரு தவறும் செய்யாதபோது, உள்ளே இருக்கும் ஒரு பாகம் தானாகவே செயலிழந்தால் மட்டும் அது பொருந்தும். கீழே விழுந்தது, வளைந்தது, தண்ணீர் புகுந்தது ஆகிய எதுவும் அதில் சேராது. அவை எல்லாம் விபத்துச் சேதத் திட்டத்தின் பாடு. "எல்லாமே அடக்கம்" என்று விற்பனையாளர் சொன்னது உங்கள் காதில் எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரிகிறது. இரண்டாம் ஆண்டில் திரை உடைந்தால் இரண்டு திட்டங்களில் எதுவுமே உங்களுக்கு உதவாது. விபத்துத் திட்டம் முதலாண்டோடு முடிந்திருக்கும், கூடுதல் வாரண்டியோ விபத்தை ஏற்காது.

மின்னணுப் பொருள்கள் பழுதாவதில் ஓர் ஒழுங்கு உண்டு. தொழிற்சாலையிலேயே குறையோடு வந்த பாகம் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்டத்தைத் தாண்டிய பொருள் பிறகு சில ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும். அதற்கும் பிறகே தேய்மானத்தால் வரும் பழுதுகள் தலைகாட்டும். பொறியாளர்கள் வரைபடத்தில் இதை இரு ஓரமும் உயர்ந்து நடுவே தாழ்ந்த குளியல் தொட்டியின் வடிவத்தில் காட்டுவார்கள். முதல் உயரத்தைத் தயாரிப்பாளரின் ஓராண்டு வாரண்டி இலவசமாகவே பார்த்துக்கொள்கிறது. நீங்கள் ரூ.4,199 கொடுத்து வாங்கப் போவது அந்தத் தொட்டியின் அடிமட்டத்தை.

அப்படியானால் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் என் மேசைக்கு வருவது என்ன? திரை உடைந்தவையே பெரும்பாலானவை. அடுத்து, சார்ஜ் ஏறாதவை. இவற்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், சார்ஜிங் போர்ட்டின் அடியில் பையில் இருந்த பஞ்சும் தூசியும் கெட்டியாக அடைத்துக்கொண்டு, கம்பி முழுதாக உள்ளே போகாமல் நிற்பது தெரியும். மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுத்தாலே பாதி டேப்லெட்டுகள் பிழைத்துவிடும். சிலவற்றின் முனைகளில் பச்சை பூத்திருக்கும். ஈரக் கையோடு கம்பியைச் செருகியதன் விளைவு அது. உள்ளே ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் சிறு ஒட்டுத்துண்டு ஒன்றைத் தயாரிப்பாளர்களே வைத்திருக்கிறார்கள். அது சிவந்திருந்தால், பழுது எதனால் வந்திருந்தாலும், கூடுதல் வாரண்டிக் கோரிக்கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதேபோல, டேப்லெட்டைச் சமமான கண்ணாடிப் பலகையில் வைத்து, ஓரத்தில் ஒளி கசிகிறதா என்று பார்ப்போம். கசிந்தால் சட்டம் வளைந்திருக்கிறது என்று ஜாப் ஷீட்டில் எழுதுவோம். புத்தகப் பையில் தடித்த புத்தகத்தோடு நெருக்கி வைத்து, பேருந்தில் அந்தப் பையின் மேல் இன்னொரு பை அமர்ந்தால் அது போதும்.

மூன்றாவது, பேட்டரி. ஐபேடுகள் 0 முதல் 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்துவதற்கே வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடுகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயில் 40-ஐத் தொடுவதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு மெத்தையின் மேல் வைத்து, இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, தலையணையும் அதன்மேல் சரிந்துகிடந்தால் பேட்டரி உப்பும். உப்பிய பேட்டரி திரையை உள்ளிருந்து நெம்பித் தூக்கும். ஆனால் பேட்டரியைத் தேயும் பொருள் என்று வகைப்படுத்திப் பல கூடுதல் வாரண்டிகள் ஒதுக்கிவிடுகின்றன. உங்கள் திட்டத்தில் அது அடங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். நீங்கள் பார்த்திருக்கும் டேப்லெட்டில் மேல்கண்ணாடியும் அதன் கீழுள்ள காட்சித் திரையும் தனித்தனியானவையா, ஒன்றாக ஒட்டப்பட்டவையா? தனித்தனி என்றால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம், செலவு குறையும். ஒட்டியது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வரைபவர்களுக்கு ஒட்டிய திரையே வசதி, பேனா முனைக்கும் கோட்டுக்கும் இடைவெளி தெரியாது. ஆனால் உடைந்தால் அதுதான் வலிக்கும்.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (சேலம்) பதில்:

நண்பர் பணிமேசை சொன்னதை எண்களில் வைத்துப் பார்க்கலாம். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, உங்கள் டேப்லெட்டின் மதர்போர்டு மாற்றவும் திரை மாற்றவும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். சொல்லத் தயங்க மாட்டார்கள். இப்போதைக்கு மதர்போர்டுக்கு ரூ.14,000, திரைக்கு ரூ.16,000 என்று வைத்துக்கொள்கிறேன்.

கூடுதல் வாரண்டியின் விலை ரூ.4,199. இதை 14,000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.30. அதாவது, உங்களுடையதைப் போன்ற 10 டேப்லெட்டுகளில் 3, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளில் யாருடைய தவறுமின்றித் தாமாகவே பழுதானால்தான் நீங்கள் கொடுத்த பணம் சராசரியாக உங்களுக்குத் திரும்பி வருகிறது. பத்தில் மூன்று தானாகவே கெட்டுப்போகும் என்று நீங்கள் நம்பினால் அந்த டேப்லெட்டையே வாங்கக் கூடாது.

சேர்த்து வாங்கினால் ரூ.5,499 என்ற சலுகையையும் பிரித்துப் பாருங்கள். விபத்துத் திட்டத்தின் ரூ.2,999 போக, கூடுதல் வாரண்டிக்காக நீங்கள் தருவது ரூ.2,500. இதை 14,000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.18, அதாவது ஆறில் ஒன்றுக்குச் சற்று மேல். இதுவும் எனக்கு அதிகமாகவே படுகிறது.

விபத்துத் திட்டத்தின் கணக்கு வேறு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நீங்கள் கையிலிருந்து ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும், அதை ரூ.1,500 என்று கொண்டால், திரை உடையும்போது உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் நன்மை ரூ.14,500. 2,999 ஐ 14,500 ஆல் வகுத்தால் 0.21 வருகிறது, ஐந்தில் ஒன்று. முதல் முறையாக வீட்டை விட்டு விடுதிக்குப் போகும் மாணவி, ஒரே அறையில் மூன்று நான்கு பேர், கட்டிலிலும் தரையிலும் வைத்து வரையும் பழக்கம் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தால், முதலாண்டில் ஐந்தில் ஒன்று என்பது நடக்கக்கூடியதே. நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

காப்பீடு எதற்கு என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. வீடு எரிந்தாலோ, சம்பாதிப்பவர் இறந்தாலோ, பெரிய அறுவை சிகிச்சை வந்தாலோ ஒரு குடும்பம் தன் கைப்பணத்தில் எழுந்து நிற்க முடியாது. அதற்காகச் சராசரியில் நட்டம் என்று தெரிந்தும் பணம் கட்டுகிறோம், கட்டவும் வேண்டும். டேப்லெட் அந்த வரிசையில் சேருமா என்பது உங்கள் வீட்டு நிலையைப் பொறுத்தது. மாதம் 300 ரூபாயை வங்கித் தொடர்வைப்பில் போட்டு வந்தால் 36 மாதத்தில் வட்டி இல்லாமலே ரூ.10,800 சேரும், டேப்லெட் உடையாவிட்டால் அது உங்கள் பணமாகவே இருக்கும். ஆனால் திடீரென்று ரூ.16,000 தேவைப்பட்டால் கந்துவட்டிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு விபத்துத் திட்டம் நல்ல செலவுதான்.

தவணையில் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. திட்டத்தின் விலையையும் கடன் தொகையில் சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. அப்படிச் சேர்த்தால் வாரண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

தாமிரபரணி (திருநெல்வேலி) பதில்:

ஆசிரியர் ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனாலும் நான் வேறு பக்கத்தில் நிற்பவள் என்பதால் எழுதுகிறேன்.

2021-இல், இணையவழி வகுப்புகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், வீட்டிலேயே பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி எடுக்கும் நான் ஒரு டேப்லெட் வாங்கினேன். தயாரிப்பாளர் நிறுவனமே விற்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தையும் எடுத்தேன். 21-ஆம் மாதத்தில் ஒரு நாள் காலை, திரையின் இடது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தொடுதல் வேலை செய்யாமல் போனது. விழவில்லை, நனையவில்லை. எழுதிக்கொண்டே போனால் அந்தப் பட்டையில் மட்டும் கோடு அறுந்து, அதைத் தாண்டியதும் மீண்டும் தொடங்கும். அ எழுதினால் அதன் சுழி இருக்காது. பிள்ளைகள் அந்தப் பக்கம் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குக் கை நடுங்கியது. சேவை மையத்தில் கொடுத்தேன்; ஒன்பதாம் நாள் திரை மாற்றிய டேப்லெட் கைக்கு வந்தது, ஒரு ரூபாய் கேட்கவில்லை. பத்தில் எத்தனை என்று நான் எண்ணவில்லை. அந்த ஒன்று என்னுடையதாக இருந்தது.

அதே ஆண்டில் என் நாத்தனார் ஒரு கடையில் டேப்லெட் வாங்கி, கடைக்காரர் சொன்ன வேறொரு நிறுவனத்தின் விபத்துத் திட்டத்தை எடுத்திருந்தார். திரை உடைந்தது. சனிக்கிழமை இரவு உடைந்ததைத் திங்கள்கிழமை மாலை தெரிவித்தார். 24 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும் என்று மறுத்தார்கள். மீண்டும் மீண்டும் பேசியபோது, வாங்கிய ஏழு நாட்களுக்குள் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் அனுப்பப்படவில்லை என்றார்கள். இரண்டு விதிகளும் நிபந்தனைகளில் இருந்தன. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் படிக்கவில்லை. பணம் போனதை விட, பொய் சொல்பவரைப் போலத் தன்னை விசாரித்ததுதான் அவருக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே என் கருத்து இது. எடுப்பதென்றால் தயாரிப்பாளரே நடத்தும் திட்டமாக எடுங்கள். ஆப்பிள்கேர் பிளஸ், சாம்சங் கேர் பிளஸ் போன்றவை இருக்கின்றன. உங்கள் டேப்லெட்டுக்கு எது உண்டு என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பழுது பார்ப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, இவர் அவரைக் கைகாட்டுவதும் அவர் இவரைக் கைகாட்டுவதும் இல்லை. அடுத்து, எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள். பருவ இறுதியில் வரைபடங்களை ஒப்படைக்கும் வாரத்தில் டேப்லெட் இல்லாமல் ஒரு மாணவி படும் பாட்டை ரூபாயில் எழுத முடியாது.

வைகைக்கரை வழக்குரைஞர் (மதுரை) பதில்:

நுகர்வோர் வழக்குகளில் நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு வாக்குக் கொடுத்தது யார்?" என்பதுதான். தாமிரபரணி அம்மா சொன்ன இரண்டு அனுபவங்களுக்கும் இடையிலான வேறுபாடு அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. கடையில் விற்கப்படும் திட்டத்தில் மூன்று தரப்பினர் இருக்கக்கூடும்: விற்கும் கடை, கோரிக்கைகளைக் கையாளும் சேவை நிறுவனம், அவர்களுக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம். உங்களுக்குப் பொறுப்பேற்பவர் இவர்களில் யார் என்பது நிபந்தனைத் தாளின் முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பெயரிலேயே காப்பீட்டுச் சான்றிதழ் வருமானால் அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நமக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சான்றிதழ் உங்கள் பெயரில் இல்லாமல், கடையோ சேவை நிறுவனமோ தம் பொறுப்பைத் தமக்காகக் காப்பீடு செய்து வைத்திருந்தால், பாலிசிதாரர் அவர்களே. அப்போது உங்களுக்கு இருப்பது ஒரு சேவை ஒப்பந்தம் மட்டும். பெயரில் "பாதுகாப்பு" என்று இருப்பதால் அது காப்பீடு ஆகிவிடாது.

சேவை ஒப்பந்தம் என்றாலும் நீங்கள் கையறு நிலையில் இல்லை. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். வழக்கு வரை போகாமலே பல தகராறுகள் அங்குத் தீர்ந்துவிடுகின்றன.

ஆனால் ஆணையமும் காகிதத்தைத்தான் பார்க்கும். விற்பனையாளர் வாயால் சொன்ன "எல்லாமே அடக்கம்" அங்கு நிற்பது கடினம். ஆகவே, கடைக்குப் போகும் முன்பே விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு கேள்விகளை அனுப்புங்கள்: பேட்டரி அடங்குமா, இரண்டாம் ஆண்டில் திரை உடைந்தால் என்ன, பேனா அடங்குமா, தொகையில் தேய்மானம் கழிக்கப்படுமா. அவர் எழுதும் பதில் உங்கள் ஆவணம். எழுத மறுத்தால் அதுவே பதில். பில்லில் திட்டத்தின் பெயர், அதற்கான தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவை தனி வரியாக இருக்கட்டும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கும் ஒரு வரி. நீங்கள் கேட்காமலே வாரண்டியைக் கூடையில் சேர்த்துவிடுவதும், "இன்னும் பத்து நிமிடமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவங்களுள் அடங்கும். பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

திருட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். விபத்துச் சேதம் என்ற சொல்லில் திருட்டு அடங்காது. திருட்டுக்கும் சேர்த்து எடுக்கும் திட்டங்களிலும், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டும், பூட்டை உடைத்ததற்கான அடையாளம் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்பார்கள். விடுதி அறையில் மேசை மேலிருந்து காணாமல் போனால் அந்த அடையாளம் இருக்காது.

காவிரிக்கரை (கும்பகோணம்) மீண்டும்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்வந்தோம். நடந்ததைச் சொல்வது என் கடமை.

வழக்குரைஞர் ஐயா சொன்னபடி நான்கு கேள்விகளையும் முந்தைய நாளே அனுப்பினேன். "நேரில் வாருங்கள் சார், பேசிக்கொள்ளலாம்" என்ற ஒரே வரி பதிலாக வந்தது. கடையில் முழு நிபந்தனைகளையும் கேட்டு வாங்கி, என் தொலைபேசியிலேயே 14 பக்கங்களைப் படித்தேன். மகள் அருகில் அமர்ந்து பெரிதாக்கிக் காட்டினாள். படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. விற்பனையாளர் இளைஞர் பொறுமையோடு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவருக்கும் அந்தப் பக்கங்களை யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

நான்கு கேள்விகளுக்கும் பதில் அதில் இருந்தது. பேட்டரி அடங்காது. பேனா துணைக்கருவி என்பதால் அடங்காது. கூடுதல் வாரண்டியில் இரண்டாம் ஆண்டுக் கோரிக்கைக்குப் பில் தொகையில் 70 விழுக்காடும் மூன்றாம் ஆண்டுக்கு 50 விழுக்காடும் உச்சவரம்பு. அதற்கு மேல் ஆகும் செலவு நம்முடையது. விபத்துத் திட்டத்தில் ஓராண்டில் ஒரே ஒரு கோரிக்கை, 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பொறுப்பேற்பவர் யார் என்று தேடினோம். கடையின் பெயர் எங்குமே இல்லை. நாங்கள் கேள்விப்படாத ஒரு சேவை நிறுவனத்தின் பெயர் 11-ஆம் பக்கத்தில் இருந்தது.

அந்த இரண்டு திட்டங்களையும் எடுக்கவில்லை. டேப்லெட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு வந்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் பார்த்தபோது, விபத்துச் சேதத்தையும் சேர்த்துக் காக்கும் அவர்களுடைய திட்டத்தை வாங்கிய நாளிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பிறகும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. இன்றே எடுக்க வேண்டும் என்ற நெருக்கடி எங்களுக்கு உண்மையில் இருந்ததே இல்லை. அந்தத் திட்டத்தின் விலை கடைத் திட்டத்தை விட ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் கூடுதல்தான், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கும் விபத்து அடக்கம். மனைவிதான் முடிவைச் சொன்னாள்: "முதல் இரண்டு வருடம் அவளுக்குப் புது ஊர், புதுப் பழக்கம், அதற்கு மட்டும் எடுப்போம், மூன்றாம் வருடத்துக்கு நாமே சேர்த்து வைப்போம்." ஆசிரியர் ஐயா சொன்ன மாதம் 300 ரூபாய்க்கான தொடர்வைப்பை என் சங்கத்திலேயே தொடங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. பேனாவும் விலை கூடியதுதான். அதற்கு என்ன செய்வது?

பணிமேசை (திருச்சி) பதில்:

நல்ல முடிவு, ஐயா. பேனாவைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் திட்டத்தில் அது சேர்கிறதா என்று பாருங்கள்; ஆப்பிள்கேர் பிளஸ் போன்ற திட்டங்களில் அதே நிறுவனத்தின் பேனாவும் டேப்லெட்டோடு சேர்ந்தே காக்கப்படுகிறது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிக் கட்டணம் மட்டும் உண்டு. முனை தேய்வதை எந்தத் திட்டமும் ஏற்காது, அது எழுதுகோலின் மை தீர்வதைப் போன்றது. காகிதம் போன்ற சொரசொரப்பு வேண்டும் என்று திரைமேல் மங்கல் படலம் ஒட்டினால் முனை இன்னும் விரைவாகத் தேயும், ஆகவே மாற்று முனை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பேனா பெரும்பாலும் உடைவது, மேசை விளிம்பிலிருந்து உருண்டு முனை கீழாக விழும்போதுதான். பேனாவைச் செருகி வைக்கும் பள்ளம் உள்ள உறையாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு மூலைகளும் திரையை விடச் சற்று உயர்ந்து நிற்கும் உறையாகவும் அது இருக்கட்டும்.

மகள் கோயம்புத்தூருக்குக் கிளம்பும் முன், டேப்லெட்டைப் பெட்டியோடு வைத்து, சீரியல் எண் தெரியும்படி முன்னும் பின்னும் இரண்டு படங்கள் எடுத்து, பில்லின் படத்தோடு சேர்த்து அவள் மின்னஞ்சலுக்கும் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். பில் தாள் வெயிலிலும் வியர்வையிலும் ஒரே ஆண்டில் வெளுத்துவிடும். எழுத்தே இல்லாத வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன் நின்றவர்கள் பலர்.